நாலு ஸ்பேஸ் அண்ணனும் என் வேன் ப்ளகினும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் கிடைத்தது என்று சொல்லுங்கள், நம்புகிறேன். பந்திங் சாலையில் ஒரு லோரி ஒதுங்கி வழிவிட்டது என்று சொல்லுங்கள், அதையும் நம்புகிறேன். நாலு ஸ்பேஸ் அண்ணன் யாருடைய வேலையையாவது முதல் தடவையிலேயே சரி என்று ஒப்புக்கொண்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள். மனித வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

நான் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு வேன் ஓட்டுகிறவள். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பேச்சே வராது. வேனில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் என் முதுகைப் பார்த்துப் பேசுவார்கள். நான் சாலையைப் பார்த்துப் பதில் சொல்லுவேன்.

எங்கள் மையத்தில் யார் எப்போது வர வேண்டும், வேன் யாரை எப்போது ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் ஓர் இலவச மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. அது திறந்த வீடு மாதிரி. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம், தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கலாம். நல்ல மென்பொருள்தான். ஆனால் வேனுக்கு ஆள் ஏற்றும் வரிசையைப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் போடும். பந்திங்கில் ஒருவரை ஏற்று, பண்டமாரான் வரை வந்து இன்னொருவரை ஏற்று, வந்த வழியே திரும்பி ஜெஞ்சாரோமுக்கு ஓடு என்று சொல்லும். நான் மட்டும் ஓட்டினால் வழியை மனசிலேயே வைத்துக்கொள்ளலாம். வேறு ஓட்டுநர்களும் இருக்கிறார்கள். அதோடு, வேன் எத்தனை மணிக்கு வரும் என்று நோயாளிகளின் போனுக்கு மென்பொருளே செய்தி அனுப்பிவிடும்.

நோயாளிகள் உள்ளே படுத்திருக்கும் நேரமெல்லாம் எனக்கு வேனில் காத்திருப்பதுதான் வேலை. மற்றவர்கள் தூங்கினார்கள். நான் போனில் வீடியோ பார்த்து நிரல் எழுதப் பழகினேன். கடைசியில் ஒரு ப்ளகின் எழுதிவிட்டேன். ப்ளகின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சக்கர நாற்காலியை ஏற்ற வேனின் பின்னால் ஒரு பலகை மாட்டுவோமே, அது மாதிரி. வேனைப் பிரிக்காமல் வேனுக்கு ஒரு புது வேலையைக் கற்றுக்கொடுப்பது. என் ப்ளகின் பந்திங்கில் தொடங்கி, ஜெஞ்சாரோம், பண்டமாரான் என்று வழி ஒழுங்காக ஆட்களை ஏற்றியது.

அதை மென்பொருளில் சேர்க்க வேண்டுமானால், வருகிற நிரலைப் படித்துப் பார்க்கும் பரிசோதகர் ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதகர் யார் என்று கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மாடியறையில் சனிக்கிழமை காலையில் இந்த மென்பொருளை எழுதும் தன்னார்வலர்கள் கூடுவார்கள் என்றும், அங்கே போனால் தெரியும் என்றும் சொன்னார்கள். கொமுட்டர் ரயிலேறிப் போனேன். தெரிந்துவிட்டது.

அவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை, நாலு ஸ்பேஸ் அண்ணன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நிரலில் உள்ளே தள்ளி எழுதும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சரியாக நாலு வெற்றிடம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் விதி. டேப் பொத்தானை ஒரே தட்டாகத் தட்டித் தள்ளுவது பாவம். அந்தப் பாவம் தன் கையால் நடந்துவிடக் கூடாது என்று அவர் தன் கீபோர்டிலிருந்து டேப் பொத்தானையே பிடுங்கி எறிந்திருந்தார். பல் விழுந்த இடம் மாதிரி அங்கே ஒரு குழி இருக்கும்.

விதிகளை அவர் கணினியோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. மாடியறை வாசலில் செருப்புகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அதே தெருவில் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவரிடம் ஒருநாள், "போன வாரம் பொரியல் இந்தப் பக்கம் இருந்துச்சு, இன்னிக்கு அந்தப் பக்கம். எதை நம்பிச் சாப்பிடறது?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் உள்ளே நுழைந்தாலே பரிமாறுகிற பையன்களுக்குள் தகராறு. "அந்த டேபிளுக்கு நீ போ லா", "நான் போன தடவை போய்ட்டேன் லா" என்று.

எங்கள் கூட்டத்தில் சிவா என்றொரு தம்பி. அவன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான். மறுவாரம் அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்தார். தேதி மேலே ஒரு விதமாகவும் கீழே ஒரு விதமாகவும் எழுதியிருக்கிறது, திருத்தி மறுபடியும் அனுப்பவும் என்று ஓரத்தில் குறிப்பு. பத்திரிகை திரும்பி வந்த செய்தி எப்படியோ பெண் வீட்டுக்குப் போய், கல்யாணமே நின்றுவிட்டதாக அங்கே அழுகை. சிவா நேரில் போய்ச் சமாதானம் சொல்லி, வேறு பத்திரிகை அச்சடித்தான். அண்ணன் அதை வாங்கிப் பார்த்து, "இப்ப சரி. வாழ்த்துகள்" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் பட்சபாதம் காட்டியதில்லை. தான் எழுதிய நிரலையே ஒருமுறை தனக்கே திருப்பி அனுப்பி, கவனம் போதாது என்று தன்னையே கண்டித்து, "நன்றி, திருத்துகிறேன்" என்று தானே பதிலும் போட்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் ப்ளகின் போய்ச் சிக்கியது.

முதலில் டேப்புக்காகத் திரும்பி வந்தது. திருத்தினேன். காலி வரி அதிகம் என்று திரும்பி வந்தது. திருத்தினேன். நிரலில் வழியைப் போடும் பகுதிக்கு "ஜாலான்" என்று பெயர் வைத்திருந்தேன். மலாயில் ஜாலான் என்றால் சாலை. சாலைக்குச் சாலை என்றுதானே பெயர் வைப்போம்? "அக்கா, இது எந்த சாலை, அதை என்ன பண்ணுது?" என்று திரும்பி வந்தது. அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். யார் மூத்தவர் என்று கடைசி வரை தெரியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதை. ரயிலில் போகும்போது நம்பிக்கை இருக்கும். திரும்பும்போது திருத்த வேண்டிய வேலை மட்டும் இருக்கும்.

"பயப்படாதீங்கக்கா, அவரு எல்லார்க்கும் இப்படித்தான் லா" என்று சிவா ஆறுதல் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். அடுத்து வரப்போகும் புதிய பதிப்பு, பரிசோதகர் ஒப்புக்கொள்ளாத எந்தப் ப்ளகினையும் ஓட விடாதாம். எங்கள் மையத்தில் நானாக ஒட்டவைத்து ஓட்டிக்கொண்டிருந்த என் ப்ளகினும் நின்றுவிடும். மறுபடி எழுத்து வரிசை.

எனக்குத் தூக்கம் போனது. காரணம் வீணாகப்போகும் பெட்ரோல் அல்ல. மேரி ஆன்டி.

மேரி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. பண்டமாரானில் தனியாக இருக்கிறார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர். வழிப்படி பார்த்தால் ஆன்டியின் வீடு மையத்துக்குப் பக்கம், கடைசியாகத்தான் ஏற்ற வேண்டும். ஆனால் கடைசியாகப் போனால் அவர் கதவைத் திறக்க மாட்டார். விடிவதற்கு முன்பே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார உட்கார ஊசியும் மெஷினும் நினைவுக்கு வரும். வேன் வந்து சேர்வதற்குள் பை உள்ளே போய்விடும். அப்படி டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டு ஒருமுறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்து நான் அவரைத்தான் முதலில் ஏற்றுவேன். பந்திங் வரை போய்த் திரும்பும் வழியெல்லாம் எல்லார் வீட்டு விஷயத்தையும் பேசிக்கொண்டே வருவார். பயப்பட நேரம் இருக்காது.

ஆகவே ப்ளகினில் ஒரு வசதி வைத்தேன். ஒரு பெட்டியில் டிக் போட்டால், வழி எப்படி இருந்தாலும் அந்த ஆளை முதலில் ஏற்றும். அண்ணன் அங்கேதான் நின்றார்.

"இது எதுக்குக்கா?"

"வேணும் அண்ணே."

அது பதில் இல்லை என்றார். ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும், ஏன் செய்கிறது என்பதை எழுதியவர்தான் மேலே குறிப்பாக எழுத வேண்டும், அதுதான் விதிகளில் பெரிய விதி என்றார். நான் வீட்டுக்கு வந்து "தேவை" என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. "மிகவும் தேவை" என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. ஒரு மனுஷியின் பயத்தை உலகமே படிக்கிற இடத்தில் எப்படி எழுதுவது? எழுதாவிட்டால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் ஆன்டி கதவைத் திறக்க மாட்டார்.

பதிப்பு வருவதற்கு முந்தின சனிக்கிழமை மாடியறையில் எல்லார் முன்னிலையிலும் அவர் மறுபடியும் கேட்டார். வழியை விட்டுவிட்டு ஓர் ஆளை முதலில் ஏற்ற வேண்டிய அவசியம் யாருக்கு என்ன இருக்க முடியும், இந்தப் பெட்டியை எடுத்துவிடலாமே என்றார். அந்த அறையில் அதுவரை நான் பேசியதெல்லாம் சேர்த்தால் ஒரு மூச்சுக்கு வராது. என் வாய் தானாகத் திறந்தது.

"கடைசியா போனா அவங்க கதவைத் தெறக்க மாட்டாங்க அண்ணே. காத்திருக்கற நேரத்துலதான் பயம் வருது. ஒருதடவை செத்துப் பொழைச்சாங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"இதைத்தான்க்கா நான் இவ்வளவு நாளா கேட்டுட்டு இருக்கேன்."

"ஒலகமே படிக்கும் அண்ணே."

"படிக்கட்டும். பேரு வேணாம். ஏன்ங்கறது மட்டும் போதும். நாளைக்கு வேற யாராவது இது வேண்டாத பெட்டின்னு தூக்கிருவாங்க. அவங்களுக்கு யார் சொல்றது?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எனக்கு வந்தது தமிழ்தான். சிவா அதற்கு ஆங்கிலம் சொன்னான். காத்திருக்கும்போது சிலருக்குப் பயம் வரும், அவர்களை முதலில் ஏற்றவும் என்று எழுதி அனுப்பினேன். அண்ணன் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் திரையையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது என்று சிவா இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

திருப்பி அனுப்பினார்.

வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி இல்லையாம்.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். சிவா என் பக்கம் கீபோர்டைத் தள்ளினான். புள்ளியை வைத்தேன். ஒப்புக்கொண்டார். அத்தனை பாடும் பட்டபின், அந்தப் புதிய பதிப்பு சொன்ன நாளில் வரவில்லை. வேறு யாரோ எதையோ உடைத்துவிட்டதால் பல மாதம் தள்ளிப்போனது. அது வெளியானபோது அண்ணனின் விசா முடிந்து அவர் ஊருக்குப் போயிருந்தார். விமான நிலையத்தில் குடிநுழைவுப் படிவத்தின் அமைப்பு சரியில்லை என்று அதிகாரியிடம் சொன்னதாகக் கேள்வி. நம்பலாம்.

மேரி ஆன்டி இப்போதும் முதல் ஆளாக ஏறுகிறார். அந்த மாடியறையில் இப்போது பரிசோதகர் இல்லை. வருகிற நிரலை ஒரு மெஷினே பார்க்கிறது. போன வாரம் வீடு திரும்பும் வழிக்கு இன்னொரு ப்ளகின் எழுதி அனுப்பினேன். கண் இமைப்பதற்குள் ஒப்புக்கொண்டது. நாலு வெற்றிடம் இருந்தால் அதற்குப் போதும். ஏன் என்று கேட்கவில்லை. முதல் தடவையிலேயே என் வேலை சரியாகிவிட்டது. வேனில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

யாரும் கேட்காவிட்டாலும் ஏன் என்று ஒரு வரி எழுதித்தான் வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கவில்லை. திறந்த வீடுதானே, உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். மெதுவாகத் திருப்பி அனுப்புங்கள் அண்ணே, காத்திருக்க எனக்குப் பயமில்லை.