மொனிட்டரும் என் அறைச் சுவரும்

உலகத்தில் எல்லாரும் பாட்டைக் கேட்பார்கள். பாட்டு வரும் பெட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மாத்தளையில் இருந்த மொனிட்டர் அண்ணன்தான். தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் முதலில் மூலையில் இருக்கும் ரேடியோவைத் தூக்கி நடுவில் வைத்துவிட்டுத்தான் தேநீர் கேட்பார். நாவுல ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால், ஸ்பீக்கரைப் பின் கண்ணாடிக்குக் கீழே மாட்டிய பாவி யார் என்று கொண்டக்டரிடம் விசாரணை நடத்துவார். புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் ஒரு தடவை பலமாகக் கைதட்டுவார். அந்த ஓசை சுவர்களில் பட்டுத் திரும்பி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இதை ஒரு சாவு வீட்டிலும் செய்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் திகைத்துப்போய் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "நல்ல ஹோலுங்க" என்று கூடத்தைப் புகழ்ந்து வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு இவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு மொனிட்டராக இருந்தவர், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். உண்மை அதுவல்ல. ஒலிப்பதிவுக் கூடங்களில், பதிந்தது சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற ஸ்பீக்கருக்குப் பெயர் மொனிட்டர். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்த அண்ணன், மத்திய கிழக்குக்குப் போய் அப்படி ஒரு கூடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்தவர். அங்கே ஸ்பீக்கர்கள் மேசையில் நிற்கவில்லையாம். சுவருக்குள் புதைந்து, முகம் மட்டும் சுவரோடு சுவராகத் தெரிந்தனவாம். ஒரு நாள் தரை கூட்டும் தும்புத்தடியும் கையுமாக நின்றபோது யாரோ ஒரு பாட்டை ஓடவிட்டிருக்கிறார்கள்.

"பெட்டி பாடலைங்க தம்பி. செவுரே பாடுச்சு" என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கிவிடும். கனவில் போய்வந்த ஊருக்கு வழி சொல்கிறவர் மாதிரி, கண்கள் எங்கோ நிலைத்திருக்கும்.

அங்கிருந்து திரும்புகிறவர்கள் டீவியும் ஃப்ரிட்ஜும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் இரண்டு மொனிட்டர்களைக் கொண்டுவந்தார். ஹாஜியார் என்று எல்லாரும் கூப்பிடும் வியாபாரி ஒருவரின் நீளமான பழைய கட்டடத்தில், பின்பக்கத்து அறையொன்றை எடுத்து ஸ்டூடியோ என்று பலகை மாட்டினார். கட்டடத்தின் முன்பக்கம் ஹாஜியாரின் கராம்பு, சாதிக்காய்க் கடை. ஸ்டூடியோவுக்கு அடுத்த அறையில் நான். ஹட்டனிலிருந்து மாத்தளைக் கந்தோர் ஒன்றுக்குக் கிளார்க்காக வந்திருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது, ஒரு முழத்துக்கும் அதிகமான தடிப்புள்ள கல் சுவர்.

அந்தச் சுவரில் தன் பக்கமாக இரண்டு குழி தோண்டினார் மொனிட்டர். பெட்டிகளை உள்ளே இறக்கி, அதிராமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் திணித்து, விளிம்பைப் பூசி மெழுகினார். பிறகு ஹாஜியாரையும் என்னையும் அழைத்து உட்காரவைத்து, ஒரு பாட்டைப் போட்டார். ஈரச் சாக்குக்குள் மாட்டிக்கொண்ட ஆள் உள்ளிருந்து கூப்பிடுவது போலிருந்தது. "டும்ம், டும்ம்" என்பதைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாடியது ஆணா பெண்ணா என்று ஹாஜியார் மெதுவாக என்னிடம் கேட்டார்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அண்ணனுக்கு ஒரு மாரிகாலம் பிடித்தது. அந்த மொனிட்டர்களுக்கு முதுகில் ஒரு வட்ட ஓட்டை உண்டு. பாட்டின் அடிக்குரல், அதாவது பேஸ், அந்த ஓட்டை வழியாகத்தான் காற்றாக வெளியேறும். குழிக்குள் வைத்துப் பூசியதில் அதன் வாயைப் பொத்தியாகிவிட்டது. பெட்டிகளை வெளியே எடுத்து, ஓட்டைக்குள் காலுறையைச் சுருட்டி அடைத்துப் பார்த்தார். 'டும்ம்' நின்றது; கூடவே பாட்டின் உயிரும் போய்விட்டது. அண்ணன் தாடி வளர்த்தார். மழை பெய்தது. மலைகளை மூடிய மூடுபனி தெருவரைக்கும் இறங்கி வந்து நின்றது. அதற்குள் அவர் குடை இல்லாமல் நடந்து திரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கதவைத் தட்டினார். சவரம் செய்திருந்தார்.

"தம்பி, ஒங்க பக்கத்து செவுத்துல ரெண்டு ஓட்ட போட்டுக்கவாங்க? காத்து மட்டுந்தான் வரும்."

ஹாஜியாரிடம் அனுமதி கேட்கப் போனோம். "சுவருக்கு அங்கால மனிசன் ஈக்கிறாரே" என்று அவர் என்னைக் காட்டினார். மனிதருக்குச் சம்மதம் என்று மொனிட்டர் எனக்காகப் பதில் சொன்னார். அன்றைக்கே சுவரில் அலவாங்கு, அந்தக் கடப்பாரை, விழுந்தது. மாலையில் பார்த்தால், என் கட்டிலுக்கு மேலே, சுவரில் இரண்டு கறுப்பு முதுகுகள். அந்தப் பக்கம் சுவர் பாடத் தொடங்கியது. இந்தப் பக்கம், கயிற்றில் தொங்கிய என் துவாய் தாளத்துக்கு அசைந்தது.

ஒன்றை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை. அந்த ஸ்பீக்கர்களின் சுவிட்சும், பேஸைக் கூட்டிக் குறைக்கும் திருகும் முதுகில்தான் இருந்தன; முன்பு அவர் சுவிட்சைப் போட்டுவிட்டே குழியில் வைத்துப் பூசியிருந்தார். ஆகவே மொனிட்டர் அண்ணனின் ஸ்டூடியோ என் அறையிலிருந்துதான் இயங்கியது. "தம்பி, இடதுல கொஞ்சம் கொறைங்க" என்று சுவருக்கப்பால் குரல் வரும். நான் கட்டிலில் ஏறி நின்று குறைப்பேன். நான் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் சாவிக்காகக் கந்தோருக்கே வந்துவிடுவார். வந்தவர் எங்கள் கந்தோரிலும் ஒருமுறை கைதட்டினார். பியோன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவந்தான். எங்கள் பெரிய கிளார்க், மேசைகளை இடம் மாற்றினால் குரல் தெளிவாகக் கேட்கும் என்ற ஆலோசனையை முழுவதும் கேட்டுவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

ஆனாலும் அந்தச் சனிக்கிழமைப் பகல்களைப் போல ஒன்று எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. கடை முற்றத்தில் காயும் கராம்பின் வாசனை ஜன்னலால் வரும். நான் கட்டிலில் கிடப்பேன். அந்தப் பக்கம் வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழு பதிவுக்கு வந்திருக்கும். சில நாள் மதரஸாப் பிள்ளைகள். சில நாள் நகைக்கடை விளம்பரம். எனக்கு வருவது பாட்டின் அடிப்பாகம் மட்டும். சொல் இல்லை, கருவிகளின் மினுக்கம் இல்லை. தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே படகுகள் போவதைக் கேட்பது போலிருக்கும். எது ஜெபம், எது விளம்பரம் என்று பிரித்தறிய முடியாது. எல்லாமே யாரோ பக்கத்தில் நிம்மதியாக மூச்சு விடுகிற சத்தமாக மாறி, அதிலேயே கண் அயர்ந்துவிடுவேன்.

அவை யுத்தத்தின் கடைசி வருஷங்கள். வெளியூர்த் தமிழர் தங்கியிருக்கும் அறைகளைச் சோதிப்பது வழக்கமாகியிருந்தது. ஒரு காலை எங்கள் தெருவைச் சுற்றிவளைத்தார்கள். என் அறைக்குள் வந்த சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தான், பெட்டியைக் கிளறினான், பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். சுவருக்குள் இரண்டு கறுப்புப் பெட்டிகள். வயர்கள். நடுவில் ஓட்டை. சின்னதாக ஒரு சிவப்பு வெளிச்சம். அவன் கத்திய கத்தலில் தெருவே வீட்டுக்குள் ஓடிக் கதவை அடைத்துக்கொண்டது.

என்னை முற்றத்தில் கைகளை உயர்த்தி நிற்கவைத்தார்கள். அது என்ன என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். ஸ்பீக்கர் என்றேன். ஸ்பீக்கர் என்றால் அதன் முகம் எங்கே என்றார். முகம் பக்கத்து அறையில் என்றேன். என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் அது கிண்டல் போலக் கேட்டிருக்க வேண்டும். துப்பாக்கி முனை என் விலாவில் வந்து நின்றது.

அடைத்த கதவுகளில் ஒன்று திறந்தது. மொனிட்டர் அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சாமான் தன்னுடையது, இந்தத் தம்பிக்கு ஒன்றும் தெரியாது, வாடகைக்கு இருக்கிற அப்பாவி என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் இயக்கிக் காட்டச் சொன்னார் அதிகாரி. எல்லாரும் ஸ்டூடியோவுக்குள் போனோம். அதிகாரி வாசலோரம் சுவரில் சாய்ந்து நின்றார். மொனிட்டர் அண்ணன் தயங்கினார்.

"சேர், அங்க நிக்காதீங்க. அந்த எடத்துல பேஸ் கேக்காது."

சிங்களத்தில்தான் சொன்னார். அறையின் நடுவில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் இருந்த அவருடைய கதிரையைக் காட்டிக்கொண்டே நின்றார். துப்பாக்கிகளுக்கு நடுவிலும் அந்த விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

பாட்டு எதுவும் போடவில்லை அண்ணன். தகரக் கூரையில் பெய்யும் மழையைப் போட்டார். தோட்டத்தில் தான் பிறந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அவரே பதிந்தது. முதலில் ஒன்றிரண்டு துளி, பிறகு கூரை முழுக்க. சுவர் மறைந்துபோய், அந்த இடத்தில் ஒரு மலைச்சரிவு நனைந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ஓடை புரண்டது. சிப்பாய்களில் ஒருவன் வாசலால் எட்டி வானத்தைப் பார்த்தான். அதிகாரியின் கை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டது. அவர் அறிந்து செய்ததாகத் தெரியவில்லை.

மழை ஓய்ந்தது. அதிகாரி எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். என்னை விட்டுவிடச் சொன்னார். மொனிட்டர் அண்ணனையும் பெட்டிகளையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

ஹாஜியார் தெரிந்தவர்களையெல்லாம் பார்த்து நடையாய் நடந்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார். உள்ளே என்ன நடந்தது என்று எத்தனை பேர் கேட்டும் மொனிட்டர் அண்ணன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அந்த ரூம்புல எதிரொலி ரொம்ப மோசங்க." ஸ்பீக்கர்கள் உடனே வரவில்லை. அதுவரை சுவரில் இரண்டு சதுர ஓட்டைகள் இருந்தன. நான் ரொட்டி சுட்டால் ஒன்றின் வழியாகக் கொடுப்பேன்; மற்றதன் வழியாகத் தேநீர் வரும். ஒருநாள் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அவற்றை எங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "மூலையில வச்சிருந்தாங்க தம்பி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பழையபடி சுவருக்குள் ஏற்றினோம். கதிரையில் உட்கார்ந்து கேட்டவர் இடது பக்கத்தைக் கூட்டச் சொன்னார். கட்டிலில் ஏறிக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கூட்டினேன். திருகு முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்று குரல் வந்தது. என்ன இது என்று அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். என் காதுக்கு இடது ஸ்பீக்கர் அறையையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து, வலது காதை அதன் பக்கம் திருப்பிவைத்திருந்தார். என்னைக் கண்டதும் நேராக உட்கார்ந்தார்.

பிறகு அவர் எழுந்து கதிரையின் தூசியைத் தட்டிவிட்டார்.

"நீங்க ஒக்காந்து கேளுங்க தம்பி. கேட்டுட்டுச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன். வஹகோட்டைப் பாடகர் குழுவின் பாட்டைப் போட்டார். இத்தனை காலம் கட்டிலில் கிடந்து நான் மூச்சாகக் கேட்ட பாட்டுக்குச் சொற்கள் இருந்தன. சுவர் பாடியது. இடது சரியா, வலது சரியா என்று அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினார்.

இடமாற்றம் வந்து நான் மாத்தளையை விட்டுப் போகும்வரை அந்த இடது காதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தெருவில் சேர்ந்து நடக்கும்போது மட்டும், எந்தப் பக்கம் வெயில் அடித்தாலும் எந்தப் பக்கம் பஸ் வந்தாலும், நான் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தேன்.