மொட்டைக் கிருமிகள்

நஷ்வாவின் கிருமிகள் நான்காவது முறையும் மொட்டையாகவே வந்து நின்றன.

வயிற்றுப்போக்கு தரும் இந்தக் கிருமிக்கு உடம்பெங்கும் பொடிமுடி உண்டு, அதைக் கொண்டுதான் குடலைப் பற்றிக்கொண்டு குடியேறுகிறது என்று ஆய்வேட்டில் அறுபது பக்கம் எழுதிவிட்டாள். முடி தெரிகிற ஒரு படம்தான் பாக்கி. நாளை வியாழக்கிழமைக்குள் அது வராவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். அலெக்சாந்திரியாவில் இவள் கிருமிக்கு மட்டும் என்ன சாபமோ!

முறைப்படிதான் வளர்த்தாள். சத்துச்சாறு ஊற்றிய குழாயை இரண்டு நாள் அசைக்காமல் வைத்தாள். மேலே பாலாடைபோல் ஏதோ படர்ந்தது. அந்நியக் கிருமி புகுந்துவிட்டது என்று பதறினாள். அடியில் இருந்ததை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிவிட்டு, ஆடையைக் குழாயோடு கழித்துவிட்டாள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டை.

அடுத்த முறை ஆடையோடு பாதிச் சாற்றையும் கழித்தாள். மூன்றாம் முறை ஆடையே படராதபடி குலுக்கும் இயந்திரத்தில் வைத்து வளர்த்தாள். இன்று மறுபடி ஆடையைக் குழாயோடு கழித்து, அடியில் இருந்ததை மூன்று முறை குலுக்கிக் குலுக்கி அலசியும் ஆயிற்று. முன்பு ஒன்றிரண்டு கிருமிகளில் தெரிந்த முடிப்பிசிறும் இப்போது இல்லை.

அவளுடைய ஆய்வு வழிகாட்டியும் குடற்புழு நிபுணருமான பேராசிரியை லமியா திரையை எட்டிப் பார்த்தார்.

"முடி எங்கம்மா?"

"இருக்கணும் மேடம். சுத்தம் பத்தலபோல."

"இன்னும் சுத்தம் பண்ணா கிருமியே இருக்காது."

அவர் போனதும் நஷ்வாவுக்கு அழுகை முட்டியது. வாங்கி வைத்த, மொச்சை மசியல் அடைத்த ரொட்டி ஆறிக் கிடந்தது. எங்கே தப்பு என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்போது ஷஹாத்தா வந்தார். கழிக்கும் குழாய்களை அவித்துக் கழுவுவது அவர் வேலை. காலையில் அவள் கழித்த குழாயை, இன்னும் அவிக்காமல், அப்படியே கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஆடை கலையாமல் இருந்தது. இதை இனிமேல் தன்னால் தேய்க்க முடியாது, விரலெல்லாம் போச்சு என்றார்.

"அழுக்குதானே, அவிச்சா போயிடாதா?" என்றாள் நஷ்வா சலிப்போடு.

"நீங்க பத்திரமா வச்சுக்கிற குழாயெல்லாம் தண்ணி பட்டதுமே பளிச்சுனு ஆயிடுது டாக்டரம்மா, வேண்டாம்னு தூக்கிப் போடுறீங்க பாருங்க, அதுதான் அவிச்ச பிறகும் கண்ணாடியப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது."