இக்னேஷியஸின் வேனும் பத்தொன்பது மைலும்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குக் குடும்பமே வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, இக்னேஷியஸ் மைல் மீட்டரைப் பார்த்தார். போன ஞாயிறு முதன்முதலாக மைலைக் குறித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். போன ஞாயிறு வண்டியைக் கொட்டகையில் விட்டபோது இருந்ததைவிடப் பத்தொன்பது மைல் கூடியிருந்தது.

அந்த ஒரு வாரமும் வேன் கொட்டகையை விட்டு நகரவில்லை. அதாவது, அவருக்குத் தெரிந்து நகரவில்லை.

“மர்சலின், இந்த வாரம் வண்டியை யாராவது தொட்டாங்களா?”

“நான் தொட்டேன். செவ்வாய்க்கிழமை தூசி தட்டினேன்” என்றாள் அவர் மனைவி.

“தூசி தட்டினா பத்தொன்பது மைல் ஏறுமா?”

“எவ்வளவு தூசி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.”

பின்னால் ஐந்து குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். அதுவே சரியில்லை என்று இக்னேஷியஸுக்குப் பட்டது. ஐந்து பேரும் ஒரே காரியத்தைச் செய்து அவர் அதுவரை பார்த்ததில்லை.

அந்த வேனின் கதை இது. யுத்தம் முடிந்து, பட்டாளத்தார் தங்களுக்கு வேண்டாத வண்டிகளை ஏலம் போட்டபோது, துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் தலைமை குமாஸ்தாவாக இருந்த இக்னேஷியஸ் போய் ஓர் ஆம்புலன்ஸை எடுத்து வந்தார். சாந்தோமில் ஏழு பேர் கொண்ட குடும்பம் ஒரே வண்டியில் பூசைக்குப் போவது என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கோயில் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தது. ஆசைக்கும் தூரத்துக்கும் சம்பந்தம் இல்லை.

பக்கவாட்டிலிருந்த சிவப்புச் சிலுவைக்கு மேல் மூன்று தடவை பச்சை வர்ணம் அடித்தார். வெயில் ஏறினால் சிலுவை மறுபடி தெரியும். வழியில் யாராவது கையைக் காட்டி நிறுத்தி, “எங்க மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரி வரைக்கும்” என்பார்கள். பின்பக்கம் நோயாளிகள் படுக்கும் நீளப் பெஞ்சுகளில் மர்சலின் மெத்தை தைத்துப் போட்டாள், ஜன்னலுக்குத் திரை கட்டினாள். ஆனால் வண்டியின் குணத்தைத் தைத்துச் சரிசெய்ய முடியவில்லை. இரண்டாவது கியரைக் கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் நழுவி வெளியே வந்துவிடும். இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் தானாக அலறும். சுவிட்சைத் தட்டினால் வண்டி கிளம்பாது. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடம்பிலுள்ள அத்தனை பலத்தையும் போட்டுச் சுற்ற வேண்டும்.

அந்தக் கைப்பிடி இல்லாமல் யாரும் வண்டியைக் கிளப்ப முடியாது. ஆகவே திங்கட்கிழமை முதல் இக்னேஷியஸ் அதைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்து, ஆபீசுக்கே எடுத்துப் போனார். லஸ் முனையில் டிராம் ஏறும்போது கண்டக்டர் பையைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டான்.

அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு மைல் கூடியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இக்னேஷியஸ் போலீசுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. போனால் லைசென்ஸைக் காட்டச் சொல்வார்கள். அவரிடம் லைசென்ஸ் இல்லை. ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் தோற்றிருந்தார். முதல் தடவை மைதானத்தில் நட்டிருந்த மூங்கில் கம்பத்தைச் சாய்த்தார். இரண்டாம் தடவை கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தாமாகவே சாய்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து, “பாஸ்” என்று சொல்லிவிட்டார். அன்று மர்சலின் பாயசம் வைத்தாள். அந்தப் பாயசத்துக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அதனால்தான் கான்ஸ்டபிள் நிற்கிற எந்த முனைக்கும் போகாமல், சந்து சந்தாகச் சுற்றி, மூன்று தெரு தள்ளியிருக்கும் கோயிலுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேருவார்.

யார் வண்டியை எடுக்கிறார்கள்? முதல் சந்தேகம் மயிலாப்பூர் மெக்கானிக் ஹபீபுர் ரஹ்மான் மேல் விழுந்தது. கொட்டகைப் பூட்டு திறக்கும் வித்தை தெரிந்தவன் அவன்தான். திங்கள் மாலை அவன் பட்டறைக்குப் போய், சும்மா வந்தவர் மாதிரி நின்றார்.

“பாய், வண்டி நிறுத்தி வச்சிருந்தாலே மைல் ஏறுமா?”

“ஏறாது சார்.”

“என் வண்டியில ஏறுது.”

ஹபீபுர் ரஹ்மான் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான். “பெட்ரோலு கொறையுதா சார்?”

அதுதான் இக்னேஷியஸுக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். பெட்ரோல் கூப்பனில் கிடைத்த காலம் அது. தினமும் டாங்கில் குச்சியை விட்டு அளந்து பார்ப்பார். “கொறையல. போன வாரம் ரெண்டு விரல் கூடியிருக்கு.”

“அப்போ இன்னாத்துக்குக் கவலப்படுறீங்கோ? மைலும் ஏறுது, பெட்ரோலும் ஏறுது. இந்த மாதிரி வண்டி மெட்ராஸ்ல யாருக்கு கீது?”

இரண்டாவது சந்தேகம் பக்கத்து வீட்டுச் சிதம்பரநாதன் மேல். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். துணி மூட்டை ஏற்ற வேனை ஒருநாள் தரமுடியுமா என்று முன்பே கேட்டு, இல்லையென்று பதில் வாங்கியவர். மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டி இக்னேஷியஸ் விசாரித்தார்.

“அண்ணாச்சி, பகல்ல எங்க கொட்டகைப் பக்கம் ஏதாவது சத்தம் கேக்குதா?”

“நான் பகல்ல கடையிலல்லா கெடக்கேன். எங்க வீட்டம்மாகிட்டக் கேட்டுச் சொல்லுதேன்.” உள்ளே திரும்பி, “ஏளா தங்கபுஷ்பம்” என்றார்.

உள்ளேயிருந்து, “எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று குரல் வந்தது. கேள்வியை இன்னும் யாரும் கேட்கவில்லை.

இக்னேஷியஸ் பொறிகள் வைக்கத் தொடங்கினார். கதவுப்பிடிக்கும் மட்கார்டுக்கும் நடுவே கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார். மாலையில் வந்து பார்த்தால் நூல் அப்படியே இருந்தது. முடிச்சு மட்டும் அவர் போட்டதைவிட அழகாக இருந்தது. காலடித் தடம் பதியட்டும் என்று பெடலுக்குக் கீழே அரிசிமாவு தூவினார். மாலையில் தரை கண்ணாடி மாதிரி இருந்தது.

“வண்டிக்குள்ள மாவு கொட்டிக் கிடந்துச்சு. எறும்பு வரும்னு துடைச்சிட்டேன்” என்றாள் மர்சலின்.

“அது நான் வேணும்னே போட்டது.”

“எறும்புக்கா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆலிஸ் டீச்சர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பங்குப் பள்ளிக்கூடத்து டீச்சர். இப்போது கோடை விடுமுறை. செவ்வாயும் வியாழனும் வந்து மர்சலினுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு கைக்குட்டைகூடத் தைத்து முடிந்ததாக இக்னேஷியஸ் பார்த்ததில்லை. ஆனால் அவர் சந்தேகப்பட வேண்டியவர்களின் வரிசை ஏற்கெனவே நீளமாக இருந்தது.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். திருடன் வரும்போது வண்டிக்குள்ளேயே இருப்பது.

அடுத்த திங்கள் மாலை மர்சலினின் தையல் டேப்பை வாங்கிக்கொண்டு போய், பின்பக்கப் பெஞ்சுக்கு அடியில் நீளம் அளந்தார். ஐந்தடி ஆறு அங்குலம். அவரும் அவ்வளவுதான். செவ்வாய் காலை வழக்கம்போல் ஆபீசுக்குக் கிளம்பி, கடற்கரைப் பக்கமாக மீனவர் குடிசைகளைச் சுற்றித் திரும்பி வந்து, கொட்டகைக்குள் நுழைந்து, வேனில் ஏறி, பெஞ்சுக்கு அடியில் படுத்துப் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டார். இரும்புக் கைப்பிடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தலைமாட்டில் ஒரு தலையணை கிடந்தது. குழந்தைகள் போட்டதாக இருக்கும் என்று நினைத்துத் தலைக்கு வைத்துக்கொண்டார்.

பத்து மணிக்குக் கொட்டகைக் கதவு திறந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி தம்மிடம் இருக்கிறது, என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று காத்திருந்தார்.

சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிவிட்டது.

ஆறு மாதமாகத் தினமும் தோள்பட்டைக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்த இக்னேஷியஸ், கம்பளிக்குள் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

வேன் வாசலில் இடது பக்கம் திரும்பியது. ஹார்ன் அலறவில்லை. இரண்டாவது கியர் விழுந்தது, நழுவவில்லை. டிராம் மணி பக்கத்தில் கேட்டது. அது லஸ் முனை. வண்டியோடு அவர் ஒருநாளும் போகத் துணியாத முனை. அங்கே வண்டி நிதானமாக நின்று, கான்ஸ்டபிள் விட்டதும் நிதானமாகக் கிளம்பியது. ஓட்டுகிறவன் கெட்டிக்காரத் திருடன் என்று அவருக்குப் பட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“கிளட்சை முழுசா மிதி. படபடப்பு வேண்டாம். யுத்தத்துல நான் லாரி ஓட்டினப்போ எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு.” ஆலிஸ் டீச்சரின் குரல்.

“படபடப்பு இல்ல அக்கா. பின்னாடி பாரம் இருக்குல்ல, அதான் மெதுவாப் போறேன்.” அது மர்சலினின் குரல்.

எழுந்து கத்தலாம் என்று நினைத்தார். எழுந்தால் பெஞ்சு தலையில் இடிக்கும். இடித்தது. மறுபடி படுத்துவிட்டார்.

வண்டி நின்றது. ஆலிஸ் இறங்கினாள். வேறு யாரோ அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். “கம்பத்துக்கு நடுவுல போய், ரிவர்ஸ்லயே திரும்பி வாங்கம்மா” என்றது ஓர் ஆண்குரல். அந்தக் குரலை இக்னேஷியஸ் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். லைசென்ஸ் ஆபீஸ் மைதானத்தில், அதே இன்ஸ்பெக்டரோடு, அதே மூங்கில் கம்பங்களுக்கு நடுவே அவர் மனைவி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் கம்பளிக்குள் கண்ணை மூடிக்கொண்டு, கம்பம் சாயும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சாய வேண்டும் என்று நினைத்தாரா, சாயக்கூடாது என்று நினைத்தாரா என்பது அவருக்கே விளங்கவில்லை.

ஒன்றும் சாயவில்லை.

“ரொம்ப சுத்தமா ஓட்டுறீங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “பின்னாடி என்ன ஏத்தி வச்சிருக்கீங்க?”

“பாரம் சார். வெறும் வண்டியை யாரும் ஓட்டிடுவாங்க. பாரத்தோட ஓட்டிக் காட்டலாம்னு பார்த்தேன்.”

“எவ்வளவு பாரம்?”

“நூத்தறுபது ராத்தல் இருக்கும். கொஞ்சம் அசையும்.”

பின்கதவு திறந்தது. கம்பளி விலகியது. இரும்புக் கைப்பிடியை அணைத்துக்கொண்டு, தலையணையில் தலை வைத்துப் படுத்திருந்தவரை இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

“இவரை எனக்குத் தெரியும்” என்றார்.

“எங்க வீட்டுக்காரர்” என்றாள் மர்சலின்.

இன்ஸ்பெக்டர் மேலே ஒன்றும் கேட்காமல் காகிதம் எழுத உள்ளே போனார். இக்னேஷியஸ் தவழ்ந்து இறங்கினார். கோபப்பட வேண்டிய நேரம் இது என்று அவருக்குத் தெரிந்தது. சட்டையிலிருந்த கம்பளி நூலைத் தட்டிவிட்டு ஆரம்பித்தார்.

“நான் உள்ள இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“பெஞ்சுக்கு அடியில அளக்கறதுக்கு என்கிட்டதானே டேப் வாங்கினீங்க? சும்மா தரையில படுத்தா கழுத்து வலிக்குமேன்னு தலையணை போட்டேன்.”

“வண்டி சுவிட்சுலயே கிளம்புது.”

“ஹபீபுர் ரஹ்மான் பாய் சரிபண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. ஹார்னையும் கியரையும்கூட. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் பழையபடி மாத்தி விட்டுடுவோம். உங்களுக்கு வித்தியாசமாத் தெரியக்கூடாதுல்ல.”

“பெட்ரோல்?”

“தங்கபுஷ்பம் அக்கா வீட்டுக் கூப்பன். அவங்களைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிட்டுப் போவேன்.”

இக்னேஷியஸுக்கு ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். குரல் தாழ்ந்து வந்தது. “எதுக்கு மர்சலின் இதெல்லாம்?”

மைதானத்தில் கம்பங்கள் நேராக நின்றிருந்தன.

“சலவைக்குப் போடறதுக்கு முன்னாடி உங்க சட்டைப் பையைப் பார்ப்பேன். ரெண்டு தடவை ஒரே மாதிரி காகிதம் வந்துச்சு. ‘தேர்ச்சி இல்லை’ன்னு. பாயசம் வச்ச மறுநாள் ரெண்டாவது வந்துச்சு. அஞ்சு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நீங்க சந்துல திரும்பறப்போ எல்லாம் நான் ஜெபமாலை சொல்லிக்கிட்டு வருவேன். எத்தனை ஞாயிறு அப்படியே போறது? யாராவது ஒருத்தர் ஒழுங்காக் கத்துக்கணும்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“நீங்க ஃபெயிலானதை நான் யார்கிட்டயும் சொல்லல. அதனால உங்ககிட்டயும் சொல்லல.”

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்தது. இரும்புக் கைப்பிடியை வண்டிக்குள் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு டிராமில் போன நாட்களையெல்லாம் நினைத்தார். பிறகு, ஆண்மகன் ஒருவன் அந்த நிலையில் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். நிமிர்ந்து நடந்து போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்.

“சார், நானும் மறுபடி பரீட்சைக்கு வரணும்னு இருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வாங்க. அதுக்கு முன்னாடி ஒழுங்காப் பழகணும். பழகறப்போ லைசென்ஸ் உள்ளவங்க ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்தே ஆகணும். அப்படி யாராவது இருக்காங்களா?”

இக்னேஷியஸ் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னாலேயே உள்ளே வந்து வாங்கிக்கொண்ட, மை ஈரம் காயாத புது லைசென்ஸைப் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு மர்சலின் நின்றிருந்தாள். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். பிறகு, ஒரு விண்ணப்பத்தை எடுத்து, ‘பழக்குபவர்’ என்று அச்சிட்டிருந்த இடத்தில் அவரே மர்சலினின் பெயரை எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும் இக்னேஷியஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுத் தலைவருக்குரிய குரலில் சொன்னார். “அப்போ நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சிடுவோம்.”

மர்சலின் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து யோசித்தாள்.

“நாளைக்கு அடையாறு போகணும், வியாழன் தங்கபுஷ்பம் அக்கா கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல வண்டி சும்மாதான் இருக்கும், வேணும்னா கேட்டுப் பாருங்க.”