நான்கு துளைகளும் ஒரே பக்கத்தால்

அவசரக்காரன் கெடுக்கும் பொருளைத் திருத்தி எடுத்துவிடலாம். நிதானக்காரன் கெடுத்தால் அது முழுமையாகக் கெட்டிருக்கும். நான் நிதானக்காரன். தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பனியில் தரப் பரிசோதகர். வீட்டில் மசாலாப் போத்தல்களின் பெயர்ச்சீட்டுகள்கூட ஒரே திசையைப் பார்த்தபடிதான் நிற்கும். (நிறுத்துவது நான். கலைப்பது மற்றவர்கள்.)

என் மனைவி கௌரியின் அண்ணன் யோகன் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. குட்மேய்ஸில் அவர் வீட்டுக்கு அருகே ஒரு மண்டபத்தில் ஆட்டைத் திவசம். யோகன் அண்ணை பாடுவார், கௌரி வயலின் வாசிப்பாள், சிறுவயதிலிருந்தே அப்படித்தான். செத்தவீட்டுக்குப் பிறகு அவள் வயலின் பெட்டியைத் திறக்கவில்லை. அண்ணையின் மனைவி வசந்தி மச்சாள் போனில் அழுது கேட்டதால், யோகன் அண்ணை வழக்கமாகப் பாடும் பாட்டை அன்று வாசிக்கச் சம்மதித்திருந்தாள்.

பெட்டியைத் திறந்தால் பிரடைகள் வழுக்கின. பிரடை என்பது தந்தியைச் சுற்றி முறுக்கும் கட்டை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு ஹீட்டரில் மரம் காய்ந்து, துளைக்குள் பிடிமானம் போய்விட்டிருந்தது. முறுக்கி விட்டால் ‘டொங்’ என்று அவிழ்ந்தது.

“இஞ்சேருங்கோ, சிற்றிக்குள்ள வயலின் திருத்திற கடை இருக்காம். குடுத்துச் செய்விப்பம்” என்றாள் கௌரி.

“துளையை ரீமரால கொஞ்சம் குடைஞ்சு புதுப் பிரடை போட்டால் சரி. நான் செய்யிறன்.”

“உங்களுக்கு ஏலுமே?”

“என்ர தொழிலே அதுதானே.”

“உங்கட தொழில் மற்றவை செய்ததில பிழை பிடிக்கிறது. செய்யிறது இல்லை.”

இது உண்மை. ஆனாலும் நான் புதுப் பிரடைகளும் ஒரு ரீமரும் வாங்கினேன். கூம்பு வடிவில், விளிம்பெல்லாம் கூராக இருக்கும் கைக்கருவி அது. பிறகு கையால் குடைவது எப்படி என்று இணையத்தில் தேடினேன். வயலின்காரர்களின் காணொளிகள் எனக்குத் திருப்தி தரவில்லை. சிரித்துக்கொண்டே வேலை செய்தார்கள். கடைசியில், ஓர் அமெரிக்கத் தாத்தா தன் கராஜில் ரைபிள் குழாயின் தோட்டா அறையைக் கையாலேயே குடைந்து முடிக்கும் காணொளி அகப்பட்டது. என்ன ஒழுங்கு! ஒரே திசையில் திருப்புகிறார். வெளியே எடுக்கிறார். துடைக்கிறார். அளக்கிறார். மறுபடி கொஞ்சம் திருப்புகிறார். என் மனம் அவரிடம் சரணடைந்தது.

மகள் ஆரணி லப்டொப்போடு வந்தாள். “அப்பா, ‘ரைபிளை வீட்டில குடையிறது எப்பிடி’ எண்டு ஏன் தேடினீங்கள்? பொலிஸ் வந்தால் எனக்கு உங்களைத் தெரியாது, ஓகே?”

திவசத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. கௌரி ஹரோவில் தமிழ் வகுப்பு எடுக்கப் போய்விட்டாள். நான் குசினி மேசையில் துவாய் விரித்து வயலினைக் கிடத்தி, கைக்கு வாகான பக்கத்தில் அமர்ந்து வேலையைத் தொடங்கினேன். திருப்பினேன், எடுத்தேன், துடைத்தேன், அளந்தேன். முதல் இரண்டு பிரடைகளும் கச்சிதமாகப் பொருந்தின. பெருமிதத்துடன் மற்ற இரண்டு துளைகளையும் அதே நிதானத்தோடு குடைந்து முடித்தேன்.

பிரடையைச் செருகியபோது அது ஆடுகிற பல்லைப் போல ஆடியது.

வயலினில் இரண்டு பிரடைகள் இடப்பக்கத்தாலும் இரண்டு வலப்பக்கத்தாலும் நுழைகின்றன. துளையும் அதற்கேற்ப ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த வயலினை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். (கண்ணால் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.) ரைபிள் குழாயைக் குடைய ஒரு பக்கம் போதும். அமெரிக்கத் தாத்தாமேல் ஒரு குற்றமும் இல்லை. நான் நான்கு துளைகளையும் ஒரே பக்கத்தால் குடைந்திருந்தேன். பின்னிரண்டும் இப்போது இருபுறமும் வாய் பிளந்து கிடந்தன.

கௌரி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை.

“என்னப்பா செய்தனீங்கள்?”

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஆடும் பிரடையை விரலால் ஒருமுறை தொட்டாள்.

“அண்ணைக்கு நான் செய்யக்கூடியது இது ஒண்டுதான் இருந்தது” என்றாள்.

அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாக அவள் என்னை அடித்திருக்கலாம்.

பையை இறக்கிவைத்துவிட்டு அவளே கேட்டாள். “எந்தத் தந்தி நிக்குது?”

“கீழ் ரெண்டும்.”

நம் சங்கீதத்தில் வயலினின் கீழ்த் தந்திகள் இரண்டும் ஷட்ஜமம், பஞ்சமம். மேல் இரண்டும் அதே ஸ்வரங்கள்தான், ஒரு ஸ்தாயி மேலே. அவள் கீழ் இரண்டையும் முறுக்கினாள். நின்றன. வில்லை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மண்டபத்தில், மாலை போட்ட படத்துக்கு முன்னால், அந்தப் பாட்டை முழுவதும் கீழ் ஸ்தாயியிலேயே வாசித்தாள். தடித்த, கரகரத்த, தொண்டைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நான் தலை குனிந்து என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் வசந்தி மச்சாள் வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். “கௌரி, நீர் யோசிச்சு அவற்ர குரலிலயே வாசிச்சனீரல்லோ? கண்ணை மூடினன், அவர்தான் பாடினார்.”

கௌரி என்னைப் பார்த்தாள். பிறகு, “ஓம் மச்சாள், அதுதான்” என்றாள்.

திரும்பி வரும் ரயிலில் என் தோளில் சாய்ந்தாள். அவள் உடல் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், அந்த ஓராண்டில் முதல் தடவையாக. “நாலையும் ஒரே பக்கத்தால…” என்று சொல்ல முயன்று, முடியாமல், பிறகு உண்மையிலேயே அழுதாள்.

பின்னர் வயலின் கடைக்காரர் துளைகளை மரத்தால் அடைத்து முறையாகத் திருத்திக் கொடுத்தார். இப்போது நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டாலும் வீட்டில் இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்கும்: “எந்தப் பக்கத்தால?” பிறந்தநாள் கேக் வெட்டும்போதும் கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஒவ்வொரு திவசத்துக்கும் கௌரி வயலினை எடுத்து நான்கு தந்திகளையும் சுருதி கூட்டுவாள். நான்கும் உறுதியாக நிற்கின்றன. வாசிப்பது மட்டும் கீழ் இரண்டில்தான்.