விஜயசங்கரின் இடது கன்னம்

குற்றாலம் மெயினருவியில் தலையை நனைத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. குரங்கு வரும் இடத்துக்கு அந்தக் குரங்கே சாட்சி.

காலையில் வாய் கொப்பளித்த விஜயசங்கர் வாஷ்பேசினைப் பார்த்ததும் உறைந்து நின்றார். தண்ணீர் சிவப்பாகப் போனது. முந்தின நாள் மிளகு அளவில் இருந்த ஈறுக் கட்டி, கடைவாயில் நெல்லிக்காயாகப் புடைத்திருந்தது. இடது கன்னம் வீங்கிய வீக்கத்தில் மூக்கு வலப்பக்கம் ஒதுங்கி இடம் கொடுத்திருந்தது. நெற்றி சுட்டது.

"செங்கோட்டையில ஜுஹைனா டாக்டரம்மா இருக்காங்கள்லா, நேரா அங்கன போங்க," என்றாள் மனைவி ஜோதிலட்சுமி.

"ஊசி போடுவாங்கட்டி."

"பின்ன, மாலையா போடுவாங்க? நீங்களே இப்படிப் பயந்தா ஊர்ல மத்தவன் என்ன செய்வான்?"

"அங்கன நாலு ஆளு உக்காந்திருக்கும். என்னையப் பாத்தா மானம் போயிரும்."

"மானத்துக்கு வீக்கம் இல்லல்லா? போங்க!"

விஜயசங்கருக்குத் தென்காசிக் கடைத்தெருவில் ஒரு மாடியறையில் சொந்தத் தொழில். ஊரில் தெரிந்த முகம். அந்த முகம் இப்போது ஒருபக்கம் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. வலி மாத்திரை ஒன்றை எடுத்தார். விழுங்கினால் வயிற்றைச் சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்று நினைத்து, நேரே ஈறின்மேல் வைத்து அழுத்தினார். மாத்திரை கரைந்தது. கூடவே ஈறின் மேல்தோலும் வெந்து வெளுத்தது.

தலையோடு சேர்த்து முகத்தைத் துண்டால் சுற்றி, கண் மட்டும் தெரிய, தெருமுனையில் பரீதின் ஆட்டோவில் ஏறினார்.

"செங்கோட்டை," என்றார். துண்டுக்குள்ளிருந்து அது வேறு யாரோ பேசுவதுபோல் வந்தது.

"பல்லா அண்ணாச்சி? கன்னம் துண்டுக்கு வெளிய நிக்கே!" என்றான் பரீது. "செங்கோட்டைக்குப் போறது நல்லதுதான். தென்காசியில ஒரு டாக்டர் இருக்காரு, அங்கன மட்டும் போயிராதீய. எங்க மச்சான் ஆடுற பல்லப் புடுங்கணும்னு போனான். அந்த மனுசன் ஆடாத பல்லப் புடுங்கிட்டாரு. ஏன்னு கேட்டா, ஆடுற பல்லு தானா விழுந்துரும், இதுக்குத்தாம்லே டாக்டரு வேணும்ன்னாராம்!"

"அந்தப் பல்லுலயும் ஏதாவது கோளாறு இருந்திருக்கும்," என்றது துண்டு.

"நீங்க என்ன, அவருக்கு வக்கீலா?"

விஜயசங்கர் வாயை மூடிக்கொண்டார். மூடினாலும் வலித்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் தாடையைப் பார்த்தார். வீக்கம் தாடைக்குள்தான் இருந்தது. கழுத்துக்கு இறங்கினால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்ததும் பார்வையை ரோட்டுக்கு மாற்றினார்.

அவர் முனகுவதைக் கேட்டு மனமிரங்கிய பரீது, சீட்டுக்கு அடியிலிருந்து கிராம்புத் தைலம் எடுத்துக் கொடுத்தான். "ஒரு சொட்டு பஞ்சுல தொட்டு வைங்க." அந்த நேரம் பார்த்து ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கியது. சொட்டு போக வேண்டிய இடத்துக்குப் பாதிப் புட்டி போனது. நாக்கு மரத்தது, உதடு எரிந்தது, ஈறு மட்டும் பழையபடியே துடித்தது.

"ஊழி இல்லாம ஒழுவழியும் இல்லயா?" என்றார்.

நாக்கு மரத்தவர் ஊசியைச் சொல்கிறார் என்று பரீது புரிந்துகொண்டான். "இருக்கு அண்ணாச்சி! குத்தாலத்துல சுடலையாண்டி இருக்காரு. எண்ணெ தேச்சு விடுறவரு. ஊசியும் கிடையாது, கத்தியும் கிடையாது."

ஊசி கிடையாது என்ற சொல் காதில் விழுந்ததும் விஜயசங்கரின் கை தானாகவே குற்றாலத்துப் பக்கம் நீண்டது. ஆட்டோ திரும்பியது.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. சுடலையாண்டி துண்டை லேசாக விலக்கி, வீங்கிய கன்னத்தை மட்டும் தட்டிப் பார்த்தார். பக்கத்துப் பலாப்பழக் கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி விஜயசங்கர் அலறினார்.

"கெட்ட நீரு இறங்கியிருக்குவே. சூடு காட்டுனா கலைஞ்சிரும்," என்று உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். "நல்ல வேள, தென்காசி டாக்டருகிட்டப் போகாம வந்தீரு. அந்த ஆளு ஊசி போடும்போது கண்ண மூடிக்கிடுவாராம்லா!"

"தூழி விழுந்திழுக்கும்."

"தூசி தெனமுமா விழும்?"

ஒத்தடத்தில் நீர் கலையவில்லை, உற்சாகம் அடைந்தது. கன்னம் பளபளத்தது. கவலையோடு பார்த்த சுடலையாண்டி, "அப்பம் அருவிதான். இடப்பக்கத்தக் காட்டிக்கிட்டு நில்லும். பேரருவி அடிச்சா பாறையே உருளுது, கட்டி என்ன கட்டி!" என்றார்.

விஜயசங்கர் கன்னத்தைக் காட்டினார். அருவி அடித்தது. அந்த அடியில் அவருக்குப் பொதிகை மலையின் மறுபக்கத்தில் இருக்கும் கேரளம் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. வெளியே வந்தபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பசியாறட்டும் என்று பரீது வாங்கி வந்த வாழைப்பழத்தைப் படியில் உட்கார்ந்திருந்த குரங்கு பிடுங்கியது. பிடுங்கிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தது. மரியாதையாகப் பழத்தை அவர் மடியில் திரும்ப வைத்துவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பழத்தைக் கடிக்கப் போனார். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்கினார்; தொண்டையில் கல் இறங்குவதுபோல் இருந்தது. கழுத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

அவருக்கு ஊசி, மானம், நாலு ஆள் எல்லாம் மறந்து போயின. ஜோதிலட்சுமியின் முகம் மட்டும் தெரிந்தது.

"பழீது," என்றார் அழுதுகொண்டே, "செங்கோட்ட. பழக்க விடு."

பரீது பறக்க விட்டான்.

கிளினிக்கில் காத்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். நேரே உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் சாய்த்து, துண்டை அவிழ்த்தாள் டாக்டர் ஜுஹைனா. அவிழ்த்தவள் அந்த முகத்தை ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பார்த்தாள்.

"மூச்சு விட முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா?"

வலியோடு தலையாட்டினார்.

"ஈறு வீங்கிக் காய்ச்சலும் வந்தா, அன்னைக்கே ஓடி வரணும். கழுத்துக்கு இறங்குனா மூச்சையே அடைச்சிரும். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா பெரியாஸ்பத்திரிதான். என்னெல்லாம் செஞ்சீங்க?"

பரீது வாசலில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னான். அருவி வந்ததும் டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"மாத்திரைய ஈறுல வைக்கக்கூடாது. சூடு ஆகவே ஆகாது. தைலத்த ஊத்தக்கூடாது. வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்பளிக்கலாம், அதுவும் டாக்டருகிட்ட வந்து சேருற வரைக்கும்தான். உள்ள சீழ் இருந்தா அத எடுத்துத்தான் ஆகணும். புரியுதா?"

விஜயசங்கர் இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்கிறவர்போல் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஊசி வந்தது. கண்ணை இறுக மூடினார்.

கண்ணைத் திறந்தபோது சீழ் வடிந்திருந்தது. காலையிலிருந்து மண்டைக்குள் அடித்த மேளம் நின்றிருந்தது. மாத்திரையை வேளை தவறாமல் விழுங்க வேண்டும், நாளைக்குக் கட்டாயம் வர வேண்டும், அந்தப் பல்லுக்கு வைத்தியம் பாக்கியிருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். கண்ணில் நீர் தளும்பக் கும்பிட்டார். உயிர் பிழைத்த மகிழ்ச்சியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திறந்த முகத்தோடு வெளியே வந்தார்.

பெஞ்சில், வடகரையிலிருந்து வந்த ராபியா கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். எழுந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று கத்தினாள்:

"ஜுஹைனாம்மா! இந்தத் தென்காசிப் பல் டாக்டருக்குப் பயந்துதான நான் இங்கன ஓடியாந்தேன், கடைசில இவரையே வேலைக்கு வச்சிட்டீயளா?"