கங்காணி வீட்டு டீவி

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் போர்டில் வைத்ததும் அது ‘பீப்’ என்று கத்தியது. தினேஸ் முனைகளைத் துடைத்து மறுபடியும் வைத்தான், மறுபடியும் ‘பீப்’.

மீட்டர் கத்தினால் எங்கேயோ ஷோர்ட், கரண்ட் போகக்கூடாத வழியில் போகிறது என்று அர்த்தம். பசறையில் டீவி ரிப்பேர்க் கடை திறந்து ஐந்து மாதமாகிறது, அந்தச் சத்தம் அவனுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த ஒரே டீவி கத்துவது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் அவனே சரிசெய்து, கடையில் அரை நாள் ஓடவிட்டுப் பார்த்து, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான்.

“மறுபடியும் அதே டீவியா மச்சான்?” பக்கத்துப் போன் கடை ஸாஹிர் எட்டிப் பார்த்தான்.

“அதேதான்.”

“கணபதி கங்காணியோடதா?”

“பேரைச் சொல்லாத. வாசல்ல வந்து நிக்கிறாரோன்னு பயமா இருக்கு.”

கணபதி, தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலைப் பெரட்டில் நூறு பேரை நிற்கவைத்து வேலை பிரித்துக் கொடுத்த குரல் இன்னும் கொஞ்சமும் இறங்கவில்லை. அவர் “சாப்பிட்டீங்களா” என்று கேட்டாலும், இல்லை என்றால் அன்றைய சம்பளத்தை வெட்டிவிடுவாரோ என்று தோன்றும்.

தினேஸ் பயந்தது குரலுக்கு மட்டும் இல்லை. அவருடைய ஒரே மகள் சுபாஜினியை அவன் ஒன்றரை வருடமாகக் காதலித்துக்கொண்டிருந்தான். அவள் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிடுவாள். வீட்டு டீவி நின்றுபோனதும், “பசறையில தினேஸ்னு ஒருத்தர் இருக்காராம், நல்லாப் பார்ப்பாராம்” என்று ஒன்றும் தெரியாதவள் போலச் சொல்லி, வேலையை அவன் பக்கம் தள்ளிவிட்டது அவள்தான். அந்த வீட்டுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். காதலிப்பவர்களுக்கு மூளை அவ்வளவு தூரம்தான் ஓடும்.

முதல் தடவை வேலை சுலபமாக முடிந்தது. பன்னிரண்டு வோல்ட் லைனில் ஷோர்ட். போர்டில் ஸ்பிரிட் ஊற்றி, சின்னதாகக் கரண்ட் கொடுத்தான். எந்த இடம் முதலில் சூடாகிக் காய்கிறதோ அங்கேதான் திருடன். கடுகு அளவில் ஒரு கெப்பாசிட்டர் பிடிபட்டது. கழற்றிப் புதுசு போட்டதும் படம் பளிச்சென்று வந்தது.

டீவியை வீட்டில் வைத்தபோது கணபதி அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவர் மனைவி ரெங்கம்மா அவனைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று குசினிக்குள் போய்விட்டார். அவன் முகம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வேலை முடிந்த பிறகும் நிற்பது மரியாதை இல்லை என்று அவன் உடனே திரும்பிவிட்டான்.

மறுநாள் டீவி செத்துவிட்டது.

இரண்டாவது தடவை திறந்தபோது உள்ளே ஈரம். இந்த மலைப் பனி போர்டில் இறங்கியிருக்கிறது என்று தினேஸ் முடிவு கட்டினான். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, எரிந்த பாகங்களை மாற்றி, இனி ஈரம் தங்கக்கூடாது என்று பின்மூடியின் மேல்பக்கத்தில் எட்டுத் துளைகளும் போட்டான். நல்லாக் காற்றுப் போகட்டும்.

இந்த முறை டீவி அன்று பின்னேரமே செத்தது.

“நீங்க தொடுறதுக்கு முன்னாடி இது சும்மா ஓடாம இருந்துச்சு,” கணபதி போனில் சொன்னார். “இப்பப் பொகையுது. இதுதான் ரிப்பேரா?”

“இல்லீங்க ஐயா... நான் வந்து எடுத்துக்கிறேங்க ஐயா...”

“ஞாயித்துக்கிழமை லுணுகலையிலேருந்து சுபாவோட மாமா வர்றாரு. முக்கியமான விஷயம் பேசணும். அன்னைக்கு வீட்ல டீவி ஓடணும். வெளங்குதா?”

விளங்கியது. போனை வைத்த கையோடு சுபாஜினி அழைத்தாள். குரல் உடைந்திருந்தது.

“மாமா எதுக்கு வர்றாருன்னு தெரியுமா? எனக்கு மாப்பிள்ளை பார்த்துட்டாங்களாம்!”

“யாரு?”

“கேட்டா அப்பா சொல்ல மாட்டேங்குறாரு. சிரிக்கிறாரு. அப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்ல, பயமா இருக்கு. நீங்க டீவியைக் குடுக்க வர்றப்ப நம்ம விஷயத்தைச் சொல்லிருங்களேன்.”

“ஓடாத டீவியை வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது?”

அதனால்தான் இப்போது மூன்றாவது தடவையாக அந்தப் ‘பீப்’ சத்தத்தைக் கேட்டதும் அவன் நம்பாமல் முனைகளை மறுபடியும் வைத்துப் பார்த்தான். இது இனி டீவி இல்லை. அவன் கல்யாணம்.

வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தான். கம்பிச் சுருள்களின் காலடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. கம்பனிக்காரன் பாகங்கள் ஆடாமல் இருக்க வைத்த பசை அது, பழசானால் அதுவே கரண்டைக் கடத்தும் என்று அவனுக்குத் தெரியும். சந்தேகத்துக்கு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

“என்ன மச்சான் ருசி பார்க்கிறாய்?” ஸாஹிர் கேட்டான்.

“உப்புக் கரிக்குது.”

“கடல் எப்ப பசறைக்கு வந்துச்சு?”

“ஏதோ கெப்பாசிட்டர் கசிஞ்சிருக்கும்டா,” என்றான் தினேஸ். ஆனால் கசிந்த கெப்பாசிட்டர் ஒன்றுகூட அகப்படவில்லை. போர்டு முழுக்கப் பசையைச் சுரண்டி எடுத்தான். அவசரத்தில் கூடவே இரண்டு நல்ல பாகங்களும் போய்ச் சேர்ந்தன. அவற்றையும் மாற்றினான்.

வியாழக்கிழமை டீவியைக் கொண்டுபோய் வைத்தபோது, அதன்மேல் எப்போதும் போர்த்தியிருக்கும் பூப்போட்ட தடித்த துணியைக் கண்டான். “இதுதாங்க ஈரத்தைப் பிடிச்சு வைக்குது,” என்று அதை எடுத்து மடித்துக் கணபதியிடம் கொடுத்தான். ரெங்கம்மா வழக்கம்போலக் குசினிக்குள் போனார்.

தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் அந்த லயத்துப் படியை அவன் இறங்கி முடிக்கவில்லை. மேலே ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டது. லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளிலும் ஒரே நேரத்தில் விளக்கு அணைந்தது. நாடகம் பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுக்க வெளியே வந்து, இருட்டுகிற நேரத்தில் கீழே நின்ற அவனையே பார்த்தது.

“இந்தப் பொடியன் வந்தாலே ஏதோ நடக்குது,” என்றது ஒரு குரல்.

“செய்வினையா இருக்குமோ?” என்றது இன்னொன்று.

தினேஸ் டீவியை மறுபடியும் கடைக்குத் தூக்கி வந்தான்; அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை ஸாஹிர் பதுளைக்குப் போய், திரை உடைந்த அதே மாதிரி டீவி ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தான். அதன் உள்போர்டுகளை அப்படியே கழற்றி இதில் மாட்டினார்கள். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

“கடையில ஓடுது, அங்க போனாச் சாகுது,” ஸாஹிர் யோசனையோடு சொன்னான். “இந்தத் தடவை வச்சுட்டு ஓடி வராத. பக்கத்துலயே உட்காரு. என்ன நடக்குதுன்னு கண்ணால பாரு.”

“அவரு முன்னால உட்காரவா?”

“கலியாணம் வேணுமா வேணாமா?”

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு முன்னறையில் லுணுகலை மாமா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கணபதி அவர் பக்கத்தில். திரைச்சீலைக்குப் பின்னால் சுபாஜினியின் கால் மட்டும் தெரிந்தது. தினேஸ் வயரைச் செருகினான். சிவப்பு விளக்கு வந்தது. படம் வந்தது. சத்தமும் வந்தது. அவன் உயிரும் பாதி வந்தது.

“சரியா ஓடுதான்னு கொஞ்ச நேரம் பார்த்துட்டுப் போறேங்க ஐயா,” என்று சொல்லிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

கணபதியும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா அவனிடம், “தம்பிக்குச் சொந்த ஊரு எது? அப்பா அம்மா இருக்காங்களா?” என்று விசாரித்தார். பொலிசில் எழுதிக் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று தினேஸ் நினைத்தான்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். டீவி ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது சொல்லிவிடலாம். ஓடுகிற டீவியின் முன்னால் நிற்கிற மனிதனுக்கு ஒரு மதிப்பு இருக்கத்தானே செய்யும்? தினேஸ் எழுந்தான்.

“ஐயா... நான் ஒங்ககிட்ட ஒரு விஷயம்...”

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து ரெங்கம்மா வந்தார். ஒரு கையில் நிறைந்த செம்பு, மறு கையில் வேப்பங்கொத்து. நேரே டீவியிடம் போனார். கொத்தைச் செம்பில் முக்கி, கண்ணை மூடி முணுமுணுத்து, மேலே இருந்த எட்டுத் துளைகளும் நனைய மூன்று தடவை உதறினார்.

‘டப்.’

திரை கறுத்தது. துளைகள் வழியாக மெல்லிய புகை எழுந்தது. லயத்துக்கே மறுபடியும் கரண்ட் போய், பக்கத்துக் காம்பராக்களில் சனம் கூச்சல் போட்டது. தினேஸ் எழுந்த இடத்திலேயே வாயைத் திறந்தபடி நின்றான்.

ரெங்கம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாக அவனிடம் வாய் திறந்தார்:

“சுபா ஒங்க பேரைச் சொன்ன விதத்துலயே எங்களுக்கு வெளங்கி, அன்னைக்கே நீங்கதான் மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிட்டோம் தம்பி; மாப்பிள்ளை கை பட்ட சாமானுக்குக் கண்ணு படக்கூடாதுன்னு நாலு தடவையும் நானே உப்புப் போட்டு மஞ்சத் தண்ணி தெளிச்சேன், அப்பிடியும் பாருங்க, எந்தப் பாவியோ விடாமக் கண்ணு வைக்கிறான்!”