மாப்பிள்ளையின் மூன்றாவது நிலை

ஒரே ஒரு கட்டுரை படித்தவர்கள் என்றொரு இனம் உண்டு, வாசகரே. ஒன்றுமே படிக்காதவரிடம் ஊர்க்கதை பேசித் தப்பலாம், நூறு படித்தவர் பேசவே யோசிப்பார், ஆனால் ஒன்று மட்டும் படித்தவர் இருக்கிறாரே, கடைசி பஸ் போனாலும் உங்களை விடமாட்டார்.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி கழுவிக்கொண்டிருந்த சூசைநாதன் இந்த இனத்தின் தலைமகன். 1986-இல் டாக்டர் தூக்கிப்போட்ட ஆங்கில இதழில் அவர் படித்தது இவ்வளவுதான்: ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் மேல், ஒட்டிக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது, ஒரு தலை, இரண்டு கால், சும்மா இருக்கும்போது ஒட்டாது, காயம் பட்ட சேதி வந்ததும் உருவம் மாறி ஒட்டும். எப்படி மாறும்? இதழுக்குத் தெரியவில்லை. சூசைநாதனுக்குத் தெரிந்தது. ஊர்ப்புறத்தில், ஜெலாப்பாங்கில் இருந்த தம் வீட்டில் துணி மாட்டும் கம்பியை வளைத்து, ரப்பர்ப்பாலில் முக்கி ஒரு பொம்மை செய்தார்.

"கூனியிருந்தா தூக்கம். நிமிந்தா முழிப்பு. அவ்ளோதான்லா!"

பல வருஷம் கழித்து விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இதையே கண்டுபிடித்தார்கள். தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதன்பின் அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை, புரதங்களைத்தான் பார்த்தார். கோயிலில் முழங்காலிட்டவர்கள் தூங்கும் நிலை, சந்தையில் மீன் பேரம் பேசுபவர்கள் முழித்த நிலை. போகட்டும், யாருக்கு நஷ்டம்? மகள் ஐவியைப் பெண் பார்க்க வரும்வரை யாருக்கும் இல்லை.

லூமுட் கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் சவரிநாதனை ஐவிக்கு ஏற்கெனவே பிடித்திருந்தது. அவர் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அம்மா எல்ஸியிடம் அழுதும் ஆயிற்று. மாப்பிள்ளை வந்தார், துடுப்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சூசைநாதன் பதறிப்போய் மனைவியைச் சமையலறைக்கு இழுத்தார்.

"எல்ஸி, இது சரிப்படாது. எந்நேரமும் முழிச்ச நிலை. இந்த மாதிரிதான் காயமே இல்லாம ஒட்டி ரத்தக் குழாயை அடைக்கும்."

"நேவியில அப்படித்தாங்க உக்காரப் பழக்குவாங்க. பேசாம வாங்க."

"ஒரு தடவையாவது கூனட்டும். அப்புறம்தான் சம்மதம்."

காப்பித் தட்டோடு நின்ற ஐவிக்குக் கண் கலங்கிவிட்டது. சூசைநாதன் கூடத்துக்குப் போய்க் கேட்டேவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் கூனுங்க பாப்போம்."

குழம்பிப்போன சவரிநாதன் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. அன்று காலை பழைய பொம்மைக்குப் புதிதாக ரப்பர்ப்பால் பூசிக் காயவைத்த நாற்காலி அது. சொட்டிய ரப்பர்ப்பால் சும்மா விடுமா? அது பின்னால் இழுக்க, பாதி எழுந்து பாதி கூனி நின்ற மாப்பிள்ளை முனகினார்.

"அங்கிள், வரமாட்டேங்குதுலா."

கூனியிருக்கிறது, ஒட்டியும் இருக்கிறது! வேறொருவராக இருந்தால் தம் பொம்மையை அப்போதே குப்பையில் போட்டிருப்பார். சூசைநாதன் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

"மூணாவது நிலை! கூனிக்கிட்டே ஒட்டுது! எல்ஸி, இவரு லேசுல விடுற ஆள் இல்ல, தேதி குறி!"

ஐவி தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து நாற்காலியை இழுத்தாள். கால்சட்டை கிழிந்தது, கல்யாணம் நிச்சயமானது.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். தட்டணுப் புரதத்தைப் பற்றி இதற்குமுன் எத்தனை கட்டுரை படித்திருப்பீர்கள்? இப்போது ஒன்று ஆயிற்று. நாளைக் காலை காப்பிக்கடையில் உங்கள் எதிரே ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிடுவீர்களா?